வழக்கு: இலக்கணத்திலும் நீதிமன்றத்திலும்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு 'வழக்கு' என்றதும் இயல்பு வழக்கு, தகுதி வழக்கு, உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்ற பாகுபாடுகள் நினைவுக்கு வரும். நீதிமன்றப் படியேறியவர்களுக்கு அதே சொல் வாதி, பிரதிவாதி, வாய்தா, தீர்ப்பு ஆகியவற்றை நினைவுபடுத்தும். இரு பொருளும் இன்று ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்பதால், ஒரே ஒலியுடைய இரு வேறு சொற்களாகவே பலர் இவற்றைக் கருதுகிறார்கள். உண்மையில் இவை ஒரே சொல்லின் இரு கிளைகள். மக்கள் நெடுநாளாக ஒரு முறையில் நடந்து வந்தால் அந்த நடப்பு எப்போது விதியாகிறது என்ற கேள்வியை இலக்கணமும் சட்டமும் தனித்தனியே எதிர்கொண்டன. அந்தக் கேள்வியின் தடயம் இந்தச் சொல்லில் பதிந்திருக்கிறது. இரு துறைகளும் பெரும்பாலும் ஒரே விடையைத் தந்தன என்பதும், காலம் பற்றிய ஓரிடத்தில் மட்டும் எதிரெதிராகப் பிரிந்தன என்பதும் கவனிக்கத் தக்கவை.

ஆங்கிலத்தில் 'கேஸ்' என்ற சொல்லும் இலக்கணத்தில் வேற்றுமையையும் சட்டத்தில் வழக்கையும் குறிக்கிறது. அது 'விழுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயர்ச்சொல் தன் முதல் வடிவிலிருந்து விலகி விழுவதை வேற்றுமை என்றார்கள். நேர்ந்துவிட்ட நிகழ்வு என்ற பொருள் வழியாக அதே சொல் நீதிமன்றத்தை அடைந்தது. அங்கே இரு துறைகளுக்கும் பிறப்பிடம் பொதுவே தவிர உள்ளடக்கம் பொதுவன்று. தமிழ் வழக்கில் உள்ளடக்கமே பொதுவானது.

வழக்கு என்பது 'வழங்கு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர். பழந்தமிழில் வழங்குதல் என்றால் முதலில் இயங்குதல், நடமாடுதல். விலங்குகள் நடமாடும் காட்டுவழியைச் சங்கப் புலவர்கள் அவை வழங்கும் வழி என்றே பாடினார்கள். 'வளிவழங்கும் மல்லன்மா ஞாலங் கரி' என்ற குறளில் காற்று இயங்கும் உலகமே சாட்சியாக நிறுத்தப்படுகிறது. கொடுத்தல் என்ற பொருளும் இதே வினைக்கு உண்டு. 'வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும்' என்று தொடங்கும் குறளில் அப்பொருளைக் காணலாம். கைமாறிக்கொண்டே இருக்கும் நாணயத்தையும், வாய்மாறிக்கொண்டே இருக்கும் சொல்லையும் 'வழங்குகிறது' என்று நாம் இன்றும் சொல்வதில் இயக்கம், கொடை, பயன்பாடு ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. ஆகவே, பலர் கால்பட்டுத் தடம் விழுந்த பாதையைப் போல, பலர் பயன்பாட்டால் நிலைபெற்ற எதுவும் வழக்கு எனப்பட்டது. குறளிலேயே 'பண்புடைமை என்னும் வழக்கு' என்று வரும் இடத்தில் நல்ல நடைமுறை, நெறி என்பது பொருள். அங்கே மொழியும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

இலக்கண நூலார் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த இடம் மிகப் பெரியது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரம், வடவேங்கடத்துக்கும் தென்குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தின் 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' எழுத்தையும் சொல்லையும் பொருளையும் ஆராய்ந்து அந்நூல் செய்யப்பட்டது என்கிறது. மக்கள் பேசும் முறையும் புலவர் பாடும் முறையும் இலக்கணத்துக்கு இரு மூலங்கள். அவற்றுள் வழக்கே முதலில் வைக்கப்பட்டது. இலக்கணம் மொழிக்குக் கட்டளையிடப் பிறந்ததன்று, இருப்பதைக் கண்டு தொகுக்கப் பிறந்தது என்ற அறிவிப்பாக இதை நான் படிக்கிறேன். ஆனால் யார் பேசுவது வழக்கு? எல்லோர் வாயிலும் வருவதெல்லாம் விதிக்கு ஆதாரம் ஆகுமா? தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல் இதற்கு வெளிப்படையாகவே விடை சொல்கிறது: 'வழக்கெனப் படுவ துயர்ந்தோர் மேற்றே நிகழ்ச்சி அவர்கட் டாக லான.' உலக நடைமுறை உயர்ந்தோரைச் சார்ந்திருப்பதால் அவர்களுடைய வழக்கே வழக்கு என்பது இதன் கருத்து. அந்த 'உயர்ந்தோர்' யார் என்பது தீராத விவாதம். அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர் என்று பொருள் சொல்லி அமைதி காண்பவர்கள் உண்டு. குடிப்பிறப்பின் நிழல் அதன்மேல் விழுந்ததையும் மறுக்க முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வழக்கை ஆறு கூறாக்கினார். இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றும் இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற இந்தப் பட்டியலில் சட்டத்தோடு நேரே தொடர்புடையது இலக்கணப்போலி. வீட்டின் முன்பக்கத்தை 'இல்முன்' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் அது 'முன்றில்' என்று முன்பின்னாக மாறி நிலைத்துவிட்டது. விதிப்படி பார்த்தால் பிழை. ஆயினும் அதைப் பிழை என்று எந்த உரைகாரரும் தள்ளவில்லை. இலக்கணம் இல்லாவிட்டாலும் இலக்கணமுடையதைப் போலச் சான்றோரால் தொன்றுதொட்டு வழங்கப்பட்டு வருவது என்று அதற்கு வரையறை சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். இந்த வரையறையில் இரு நிபந்தனைகள் உள்ளன: பின்பற்றியவர்கள் சான்றோராக இருக்க வேண்டும், பழக்கம் தொன்றுதொட்டு வந்ததாக இருக்க வேண்டும். எழுதப்பட்ட விதிக்கு மாறான ஒரு பழக்கத்தைச் செல்லுபடியாக்க இன்றைய நீதிமன்றம் கேட்கும் சான்றுகளும் ஏறத்தாழ இவையே.

சட்டப் பொருளைத் தெளிவாக வரையறுத்தவர் பரிமேலழகர். திருக்குறள் உரையின் தொடக்கத்திலேயே அறத்தை அவர் ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுக்கிறார். ஒரு பொருளைப் பலர் தனித்தனியே 'எனது எனது' என்று கொண்டு, அது காரணமாகத் தமக்குள் மாறுபட்டு, அப்பொருள்மேல் செல்வதே வழக்கு என்றும், அது கடன்கோடல் முதலாகப் பதினெட்டு வகைப்படும் என்றும் விளக்குகிறார். அந்தப் பதினெட்டு மனுநூலின் எட்டாம் அத்தியாயத்தில் 'வியவகாரம்' என்ற தலைப்பில் வரும் பதினெட்டே. வியவகாரம் என்ற வடசொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு: தர்ம சாத்திரத்தில் அது நீதிமன்ற வழக்கு, மொழித் தத்துவத்திலோ பெரியவர்கள் பேசிப் பழகுவதைப் பார்த்துக் குழந்தை சொற்பொருள் அறிகிறதே, அந்தப் பயன்பாட்டுக்கும் வியவகாரம் என்றே பெயர். பேச்சுத் தமிழில் 'அது பெரிய விவகாரம்' என்னும்போது சண்டை என்ற பொருள் மட்டும் எஞ்சியது.

அதே உரைப்பகுதியில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு தொடர் உண்டு. வள்ளுவர் வழக்கையும் தண்டத்தையும் விட்டுவிட்டு ஒழுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டதற்குப் பரிமேலழகர் சொல்லும் காரணங்களுள் ஒன்று, அவ்விரண்டும் 'நூலானேயன்றி உணர்வு மிகுதியானும் தேய இயற்கையானும்' அறியப்படும் என்பது. தேய இயற்கை என்றால் அந்தந்த நாட்டின் இயல்பு. வழக்கைத் தீர்க்க நூல் மட்டும் போதாது, அந்த மண்ணின் நடைமுறையை அறிந்திருக்க வேண்டும் என்று பதினெட்டு வகை சொன்ன அதே உரையாசிரியர் ஒப்புக்கொள்கிறார். பூசல் என்ற பொருளில் வந்த வழக்குக்குள் நடைமுறை என்ற பழைய பொருள் இவ்வாறு உள்ளிருந்து இயங்குகிறது. ஒருவர் தமக்கு உரியது என்று கேட்பதே பெரும்பாலும் நெடுநாள் நடப்பைச் சுட்டித்தான். மற்றவர் அதை மறுக்கும்போது பூசல் பிறக்கிறது. நடப்பைக் குறித்த சொல் அந்த நடப்பின் மீதான பூசலையும் குறித்தது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்விரு பொருள்களும் ஒரே அவையில் மோதுவதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணப் பகுதியில் காட்டுகிறார். சுந்தரருடைய திருமணப் பந்தலுக்குள் ஒரு முதிய வேதியர் நுழைந்து, உனக்கும் எனக்கும் இசைந்த 'பெருவழக்கு' ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டு உன் வேள்வியைச் செய் என்கிறார். நீ எனக்கு அடிமை என்பது அவர் வாதம். சுந்தரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். விவகாரம் திருவெண்ணெய்நல்லூர் அந்தணர் அவைக்குப் போகிறது. அவையோரின் முதல் எதிர்ப்பு, அந்தணர் அடிமையாவது இந்த மாநிலத்தில் இல்லையே என்பது. அது முழுக்க முழுக்க நடைமுறையைச் சார்ந்த எதிர்ப்பு: அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அதற்கு முதியவர் தரும் விடை, 'இசைவே யன்றோ வழக்கு' என்பது. இவருடைய பாட்டனார் உடன்பட்டு எழுதிக் கொடுத்தார். உடன்பாடு இருக்கும்போது ஊர் நடைமுறை இல்லை என்று சொல்லித் தள்ள முடியாது என்கிறார். பொதுவான பழக்கம் ஒருபுறம், இருவருக்கிடையே எழுதிக்கொண்ட உடன்படிக்கை மறுபுறம் என்று இரண்டும் எதிரெதிரே நிற்க, நடுவில் இந்த ஒரே சொல் நிற்கிறது.

அவை அடுத்துக் கேட்பது சான்று. 'ஆட்சியில் ஆவணத்தில் அன்றி மற்று அயலார் தங்கள் காட்சியில்' ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். ஆவணம் எழுத்துச் சான்று, காட்சி கண்டவர் சாட்சியம், ஆட்சி நெடுநாள் அனுபவித்து வந்த நடைமுறை. மூன்றில் எதுவும் போதும் என்பதையும், ஆட்சிக்கு முதலிடம் கிடைத்திருப்பதையும் இங்கே காண வேண்டும். எழுத்து இல்லாவிட்டாலும் நடைமுறை சான்றாகும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. கிழிக்கப்பட்டது படியோலை என்று சொல்லி முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்ட, கரணத்தான் (ஊர்க் கணக்கன்) அதை அவையில் வாசிக்கிறான். பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை ஆவணக் காப்பிலிருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது, சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பு வருகிறது. அடியார் வரலாற்றைச் சொல்லப் புகுந்த ஒரு காப்பியம், மூலத்தையும் படியையும் பிரித்து, கையெழுத்து ஒப்பீடு வரை விசாரணை முறையை இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருப்பதற்காகவே சட்டம் பயில்வோர் அப்பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

எழுதப்பட்ட நூலா, நடைமுறையா என்ற கேள்வி ஐரோப்பியர் ஆட்சியில் புது வேகத்துடன் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட தமிழர்களின் வழக்கங்களைத் தொகுக்க ஆணையிட்டார்கள். அங்கே நீண்ட காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1706-1707இல் தொகுத்ததைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் (உள்ளூர்த் தலைவர்களிடம்) கொடுத்துச் சரிபார்த்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை தந்தார்கள். அதுவே தேசவழமை. பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் என்று மக்கள் புழங்கிய சொற்களே அங்கே சட்டச் சொற்களாயின. 'வழமை' என்பதும் வழக்கின் உறவுச்சொல்லே. ஈழத்தில் அது இன்றும் அன்றாடப் பேச்சில் உயிரோடிருக்கிறது. பன்னிரண்டு முதலியார்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் தொகுப்பு செல்லுபடியானது என்பதைப் பார்க்கும்போது, தொல்காப்பியரின் 'உயர்ந்தோர் மேற்றே' என்ற விதி அரசு அலுவலகத்தில் நடைமுறைக்கு வந்ததாகவே தெரிகிறது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதற்கு இணையான நிகழ்வு இராமநாதபுரம் ஜமீன் வழக்கு. கணவரை இழந்த இராணி, கணவரின் வெளிப்படையான அனுமதி இன்றி, உறவினர் இசைவோடு முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தது செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்று மதுரை ஆட்சியர் தரப்பு வாதிட்டது. வழக்கு, அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1868இல் அம்மன்றம் தத்தெடுப்பை ஏற்றுக்கொண்டது. இந்து சட்ட முறையில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட நடைமுறை எழுதப்பட்ட நூலின் வாசகத்தைவிட வலிமையுடையது என்று அத்தீர்ப்பு சொன்னது, பின்னர் எண்ணற்ற தீர்ப்புகளில் எடுத்தாளப்பட்டது. நூலுக்கும் வழக்குக்கும் மோதல் வந்தால் வழக்கே வெல்லும் என்ற இந்த முடிவு, முன்றிலை ஏற்ற இலக்கணிகளுக்குப் புதிதாகத் தோன்றியிராது.

நடைமுறையை எப்படி மெய்ப்பிப்பது என்பதற்கு 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 48ஆம் பிரிவு வழி சொன்னது. ஒரு பொது வழக்காறு இருந்திருந்தால் அதை அறிந்திருக்கக் கூடியவர்களின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்றது அப்பிரிவு. ஒரு குறிப்பிட்ட ஊர் மக்கள் ஒரு குறிப்பிட்ட கிணற்றில் நீரெடுக்கும் உரிமை என்பது அதன் கீழ் தரப்பட்ட எடுத்துக்காட்டு. இந்த எடுத்துக்காட்டைப் படிக்கும்போது நம் ஊர்க் கிணறுகளை நினைக்காமல் இருக்க முடியாது. யார் நீரெடுக்கலாம் என்பதோடு யார் எடுக்கக்கூடாது என்பதையும் வழக்கம் என்ற பெயரிலேயே காத்தார்கள். அதை அறிந்தவர்கள் என்று சாட்சி சொல்ல வருபவர்களும் பெரும்பாலும் கிணற்றின் இந்தப் பக்கத்தவர்களே. உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்ற விதி மொழியில் செய்யும் தீங்கு, சில சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவதோடு நிற்கும். வாழ்க்கையில் அது செய்யும் தீங்குக்கு எல்லையில்லை. அதனால்தான் இந்திய அரசமைப்பு 13ஆம் உறுப்பில் சட்ட வலிமையுள்ள வழக்காறுகளையும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடக்கி, அடிப்படை உரிமைகளுக்கு முரணானால் அவையும் செல்லாது என்றது. 17ஆம் உறுப்பில் தீண்டாமையை ஒழித்தது. ஒரு நடைமுறை எத்தனை நூற்றாண்டுப் பழமையுடையதாக இருந்தாலும் அந்த வாசலில் நின்று விடை சொல்லியாக வேண்டும்.

இனி, இலக்கணமும் சட்டமும் பிரியும் இடம். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்றார் தொல்காப்பியர். காலத்தால் வந்து பொருந்திய சொல்லை ஒதுக்க முடியாது என்பது பொருள். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையி னானே' என்று நன்னூல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. நேற்று இல்லாத சொல் இன்று நாலு பேர் வாயில் புழங்கி நாளை வழக்காகிவிடலாம். விதிக்கு மாறான இலக்கணப்போலிக்குத் தொன்மையைக் கேட்ட இலக்கணி, இப்படிப் புதிதாகப் புகும் சொல்லுக்கு வயதுச் சான்று கேட்பதில்லை. சட்டமோ வயதைத்தான் முதலில் கேட்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தரும் வரையறையின்படி, வழக்காறு என்பது நெடுங்காலம் தொடர்ச்சியாகவும் ஒரே சீராகவும் கடைப்பிடிக்கப்பட்டு, ஒரு வட்டாரத்திலோ சமூகத்திலோ குடும்பத்திலோ சட்ட வலிமை பெற்றதாக இருக்க வேண்டும். திட்டவட்டமாக இருக்க வேண்டும். நியாயமற்றதாகவோ பொதுக் கொள்கைக்கு மாறாகவோ இருக்கக் கூடாது. குடும்ப வழக்காறு என்றால், அக்குடும்பம் அதைக் கைவிட்டிருக்கவும் கூடாது. வழிநடைப் பாதை போன்ற பாத்தியங்களுக்கு (பிறர் நிலத்தின் மீதான பயன்பாட்டு உரிமைகளுக்கு) 1882ஆம் ஆண்டுச் சட்டம் இருபது ஆண்டு இடையறாத அனுபவத்தைக் கேட்கிறது.

இந்த வேறுபாடு வெறும் கோட்பாடாக இல்லாமல் மனிதர்களின் வாழ்வைத் தொட்ட இடம் சுயமரியாதைத் திருமணம். புரோகிதரும் சடங்கும் இல்லாமல் மாலை மாற்றி, உறுதிமொழி கூறி மணந்தவர்கள் சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மொழியில் இத்தனை பேர் ஒரு சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் அது அகராதியில் ஏறியிருக்கும். ஆனால் 1950களின் தொடக்கத்தில் இத்திருமணம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, சாத்திரச் சடங்கும் நடக்கவில்லை, பழமையான வழக்காறும் இல்லை என்பதால் அது செல்லாது என்று முடிவாயிற்று. சிலர் கூடிப் புதிதாக ஒரு வழக்காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் அடிப்படை. நீதிபதிகளின் தருக்கத்தில் பிழை காண முடியாது. பழமையை நிபந்தனையாக வைத்த பிறகு புதியன புக வாசல் ஏது? அந்த வாசலைச் சட்டமன்றம்தான் திறக்க வேண்டியிருந்தது. அண்ணாதுரை முதல்வராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவித்தாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்றது அப்பிரிவு. மொழியில் காலமே செய்துவிடும் வேலையைச் சட்டத்தில் வாக்கெடுப்பு நடத்திச் செய்ய வேண்டியிருந்தது.

இதற்குக் காரணமும் உண்டு. நான் 'முன்றில்' என்று சொன்னாலும் நீங்கள் 'இல்முன்' என்று சொன்னாலும் யாருக்கும் இழப்பில்லை; இரண்டும் அருகருகே வாழலாம். ஒரு நிலத்துக்கோ வாரிசுரிமைக்கோ இரு வழக்காறுகள் அருகருகே வாழ முடியாது. ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பார். எனவே நேற்றுத் தோன்றிய பழக்கத்தைக் காட்டி இன்று ஒருவரின் உரிமையைப் பறிக்க இடம் தரக் கூடாது என்று சட்டம் அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதே அச்சம், பழைய பழக்கத்தால் ஏற்கெனவே பறிகொடுத்தவர்களுக்கு எதிராகவும் வேலை செய்திருக்கிறது என்பதைக் கிணற்றின் கதையும் திருமணத்தின் கதையும் காட்டுகின்றன.

இன்றைய சட்டத் தமிழ் இரு பொருளையும் இரு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் தொடுப்பது வழக்கு. அதில் சான்றாகக் காட்டும் நடைமுறை வழக்காறு. நாட்டார் வழக்காறு என்று ஆய்வாளர்கள் கையாள்வதும் இந்த இரண்டாம் சொல்லையே. பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, வழக்கொழிந்த சொல் என்று மொழியைப் பற்றிப் பேசும்போது மட்டும் பழைய பொருள் பழைய வடிவிலேயே நிற்கிறது. கீழமை நீதிமன்றத் தமிழ்த் தீர்ப்பு ஒன்றில் 'இவ்வழக்கில் வாதி தரப்பு கூறும் வழக்காறு மெய்ப்பிக்கப்படவில்லை' என்பது போன்ற வாக்கியத்தைப் படிப்பவர், ஒரே வினையடியில் பிறந்த இரு பெயர்களில் ஒன்று மற்றொன்றை விசாரிப்பதைப் பார்க்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் அவ்விரண்டு வேலையையும் ஒரே சொல் செய்துகொண்டிருந்தது.